அடைப்புக்குறி இல்லாத பக்கம்

சுவடி நூலக இயக்குநர் தன் அறையில் வெளியீட்டு விழா உரையைப் பழகிக்கொண்டிருந்தார். "இருளில் இருப்போர் கையில் ஒரு விளக்கு" என்று மூன்றாவது தடவையாக அவர் குரலை ஏற்றியபோது, பழைய ஓலைகளைப் பார்த்துப் பெயர்த்தெழுதும் பிரதியாளரின் மேசையில் தொலைபேசி அடித்தது.

நூலகத்தின் டெலிபோன் ஆபரேட்டரம்மா, வீட்டிலிருந்து. பிறவியிலேயே பார்வையில்லாதவர், கண் மருத்துவ ஏட்டின் பிரெயில் பிரதியை விழாவுக்கு முன்பே முதல் ஆளாக வாங்கிப்போனவர்.

"அண்ணே, முந்நூறு வருஷத்து ஏடுன்னீங்க, ஒரு பூச்சிகூட கடிக்கலையே! எங்க வீட்டு போன வருஷத்து காலண்டர் இதைவிட மோசமா இருக்கு."

பிரதியாளரும் சிரித்தார். பூச்சி பல் வைக்காத ஓலை எது? தின்ற இடங்களை யூகித்து நிரப்பியவர் அவர்தான். அச்சுப் பிரதியில் ஒவ்வொரு யூகமும் அடைப்புக்குறிக்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. பிரெயிலில் வேண்டாம் என்றவர் இயக்குநர். "விரல்ல இடறும்யா. பாவம், தடங்கல் இல்லாம படிக்கட்டும்." அந்தக் கருணைக்குக் கூட்டத்தில் கைதட்டல் விழுந்தது. இவரும் தட்டினார்.

"எட்டாம் பக்கத்துக்காகத்தான் தவம் கிடந்தேன்," என்றார் ஆபரேட்டரம்மா. "தம்பிக்கு ஒரு கண்ணு போயிடுச்சு, இன்னொண்ணும் மங்குது. டாக்டர் கையை விரிச்சிட்டாரு. வேரை அரைச்சு வடிகட்டியாச்சு. 'கண்ணில் விடலாம்'னு பளிச்சுனு போட்டிருக்கே! சரியான சரக்குண்ணே, அரைச்ச கை இன்னும் எரியுது."

ஓலையில் 'விடலா' வரைதான் இருந்தது. அதற்குமேல் துளை. டீ ஆறிவிடுமே என்ற அவசரத்தில் ஒரு மத்தியானம் 'ம்' போட்டவர் பிரதியாளர். அந்த ஓட்டையில் 'காது' தாராளமாக நுழையும். விடலாகாது: விடவே கூடாது.

"ஏம்மா, விட்டுடாதீங்க! அந்த இடத்துல ஓட்டை. 'ம்' நானா போட்டது."

மறுமுனையில் காகிதத்தில் விரல் உரசும் சத்தம் வந்தது. திரும்ப ஒரு தடவை, இன்னும் மெதுவாக.

"ஓட்டையா? என் விரலுக்கு ஒண்ணும் தட்டலையேண்ணே."

"தம்பி எங்க?"

"முகம் கழுவுறேன்னு மருந்துக் கிண்ணத்தையும் எடுத்துக்கிட்டு..." குரல் தொலைபேசியை விட்டு விலகியது. "டேய் தம்பி! டேய்!"

குழாயில் தண்ணீர் கொட்டும் ஓசை மட்டும் கேட்டது. யாரும் அதை மூடவில்லை.

பக்கத்து அறையில் இயக்குநர் நான்காவது தடவையாக விளக்கை ஏற்றினார்.