கூரையில் ஓடிய தெரு

வேண்டாத சாமான் என்று எந்த வீட்டிலும் எதுவும் கிடையாது. விற்பது என்று முடிவெடுத்த பிறகுதான் ஒவ்வொன்றாக வேண்டாததாக மாறும். மருந்துக்கடையில் பில் போடும் அந்த அம்மாவுக்கு இது சைக்கிளை விற்ற அன்றே விளங்கிவிட்டது. உடற்பயிற்சிக்கென்று வாங்கிய சைக்கிள். அதன்மேல் மனிதர் யாரும் ஏறியதில்லை, ஈரத்துணிதான் ஏறியிருக்கிறது. ஆனாலும் அதை வாங்கியவர் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியபோது, இனி துண்டை எங்கே காயப்போடுவது என்று அவள் ஈரத்துண்டும் கையுமாக வாசலில் நின்றாள்.

பிறகு பரணிலிருந்த கண்ணாடிக் கோப்பைகள் போயின. சக்கரம் போன பெட்டி போனது. கழுத்து ஆடும் மின்விசிறியும் போனது. படம் எடுத்து, போனில் விளம்பரம் போட்டு, பேரம் பேசுவதெல்லாம் நாத்தனார் வேலை. அவள் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்கு மூச்சு விடக்கூட இடம் இருக்காது என்பதால், குடும்பத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவள் அண்ணன்தான் இத்தனைக்கும் காரணம்.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பறவைகள் பறக்கும் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கப்பல் வயிற்றிலிருந்து பெட்டி பெட்டியாகத் தூக்கிக் கரையில் வைத்தே தலை நரைத்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாள் குளியலறை பல்பை மாற்ற முக்காலியில் ஏறி, அதிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஊரெல்லாம் ஆறுதல் சொன்னது. முக்காலியிலிருந்து விழுகிற ஆனை எங்கேயாவது உண்டா என்பதுதான் அவருடைய அவமானம்.

எலும்பு கூடிவிட்டது. கூடாதது மனம்தான். காலைத் தரையில் வைத்தால் மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயம் அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டது. ஜன்னல் திரையை இழுத்து மூடி, அதன்மேல் ஒரு போர்வையையும் தொங்கவிடச் சொல்லி, இருட்டில் மல்லாந்து கிடந்தார். உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண் கூடத்துக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இப்படியே படுத்திருந்தா கால் சூம்பிப்போயிடும்மா. அப்புறம் நாமளே கெஞ்சினாலும் நிக்காது. எப்படியாவது எழுப்பி நிறுத்துங்க."

அவள் வந்துபோவதற்குப் பணம் கொடுக்கத்தான் வீட்டுச் சாமான்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. அந்த அறையிலிருந்த மர பீரோவின் முறையும் வந்தது. ஆளுயரக் கண்ணாடி பதித்த கதவும், பக்கவாட்டில் நாலு இழுப்பறைகளுமாகப் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது அது.

"எல்லாத்தையும் வித்துடுங்க," என்றார் அவர் இருட்டிலிருந்து. "என்னையும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க."

"உன்னை யாருண்ணே வாங்குவா?" என்றாள் ரேடியோ. "நடக்காத சாமானுக்கு டெலிவரி செலவு நம்ம தலையிலதான் விழும்."

அவர் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் தங்கையின் இதைவிட மட்டமான பேச்சுக்கே வயிறு குலுங்கச் சிரிப்பவர்.

பீரோவுக்கு வந்தவர் ஒரு சலூன்காரர். கண்ணாடியைப் பார்த்ததுமே மயங்கிவிட்டார்; மயங்கியதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க மரத்தைத் தட்டித் தட்டிக் குறை சொன்னார். ரேடியோவும் லேசுப்பட்டவளா? ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி ஒரு விலைக்கு இழுத்து வந்தாள். விளக்கைப் போட்டு மூவருமாக பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தி வாசல்வரை தள்ளிக்கொண்டு போனபிறகுதான் தெரிந்தது, அது கதவைவிட அகலம். அறைக்குள்ளேயே வைத்துப் பலகை பலகையாகச் சேர்த்துப் பூட்டிய பீரோ அது. பூட்டியவரும் கட்டிலில் கிடப்பவர்தான். அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று இவர்களுக்கும் தோன்றவில்லை.

"அப்ப கழட்டித்தான் எடுக்கணும். கழட்டுகூலி யாரு தருவா?" என்று சலூன்காரர் புதிதாக ஒரு பேரத்தை ஆரம்பித்தார்.

"லைட்ட அணைச்சுட்டு வெளிய போய்ப் பேசுங்க. கண்ணு கூசுது," என்றார் கிரேன்காரர்.

விளக்கை அணைத்துவிட்டு, பீரோவை ஒட்டி ஒருக்களித்து நழுவி, கதவைச் சாத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தார்கள். கழட்டுகூலி சூடுபிடித்த நேரத்தில் உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். கத்தலும் இல்லை, முனகலும் இல்லை. யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல ஒரு குரல்.

"இங்க வா. சீக்கிரம். வந்து கதவச் சாத்து."

அவர் மனைவி பேரத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். ஓடினாள். பின்னாலேயே மற்ற இருவரும் நுழைந்தார்கள். கதவு மூடியதும் கும்மிருட்டு.

"என்ன பண்ணுது உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. மேல பாரு."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழகப் பழக, கூரையில் என்னவோ அசைவது தெரிந்தது. நிழல் என்று நினைத்தாள். நிழலுக்கு ஏது நிறம்? சிவப்பாக நீளமாக ஒன்று கூரையின் ஒரு கோடியில் புறப்பட்டு, நிதானமாக ஊர்ந்து மறுகோடியில் மறைந்தது. மறைந்த பிறகுதான் புரிந்தது, அது பஸ். சக்கரங்களை மேலே வைத்துக்கொண்டு, தலைகீழாக, சத்தமில்லாமல் அவர்கள் தலைக்கு மேலே போயிருக்கிறது ஒரு பஸ்.

"ஐயோ," என்றாள். வேறு சொல் வரவில்லை.

தெரு முழுவதும் அங்கே இருந்தது. குடை பிடித்த ஒருத்தி காலை மேலே வைத்து நடந்தாள். ஒரு நாய் நின்று, சொறிந்துகொண்டு, மறுபடி நடந்தது. எதிர்வீட்டு மாடி சுவரில் கவிழ்ந்து நின்றது. அங்கே காயப்போட்டிருந்த மஞ்சள் துணி காற்றில் மேல்நோக்கித் தொங்கி ஆடியது. அதற்கும் கீழே, சுவர் தரையைத் தொடுகிற இடத்தில், செருப்புகள் கிடந்த மூலையில், நீலமாக வானம் இருந்தது. அவள் அதை மிதித்துவிடாமல் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தன் வீட்டு மூலையில் வானத்தைப் பார்த்தவள் வேறென்ன செய்வாள்?

ரேடியோ பேசவில்லை. பிறந்ததிலிருந்து அவள் பேசாமலிருந்த ஒரே நேரம் அதுவாகத்தான் இருக்கும். சலூன்காரர் கைகூப்பியே விட்டார்.

"சாமி, இது என்னதுங்க?"

"பீரோ இருந்த இடத்தப் பாருங்க," என்றார் கிரேன்காரர். "குடிவந்தப்ப அங்க ஏசி வெச்சிருந்த ஓட்டை இருந்துச்சு. நான்தான் தகரம் வெச்சு அடிச்சேன். ஆணி ஒண்ணு விழுந்திருக்கு. அந்த ஆணி ஓட்டை வழியாதான் அத்தனையும் உள்ள வருது."

தகரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி. எள்ளு அளவு. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே அவர் போர்வை போட்டு வளர்த்த இருட்டு; நடுவில் அந்த எள்ளு. அவ்வளவுதான் விஷயம். விஷயம் தெரிந்தும் அவளுக்கு மலைப்பு குறையவில்லை, கூடிற்று. கிட்டப்போய்ப் புள்ளிமேல் விரலை வைத்தாள். தெரு அணைந்தது. எடுத்தாள். நாய், குடை, துணி, வானம் எல்லாம் அதனதன் இடத்தில் திரும்ப வந்தன. இத்தனை வருஷமாக இந்தத் தெரு இவர்கள் வீட்டுக்குள் வரக் காத்திருந்திருக்கிறது. இவர்கள் அதன் முகத்துக்கு நேரே பீரோவை நிறுத்தித் துணி அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

"கூண்டுல உக்காந்து பாத்தா இப்படித்தான் இருக்கும்," என்றார் அவர். "சத்தமே இருக்காது. எல்லாரும் அவங்கவங்க பாட்டுக்குப் போவாங்க." இத்தனை நாளில் அவர் இப்படிச் சேர்ந்தாற்போலப் பேசியது அன்றுதான். குரலில் பழைய கனம் இருந்தது.

அதைக் கேட்டு அவளுக்கு ஒரு நிமிஷம் மனம் குளிர்ந்தது. மறுநிமிஷம் பகீரென்றது. எழுந்து நிற்க வேண்டிய மனிதருக்கு, படுத்தபடியே பார்க்க ஊரையே கொண்டுவந்து கூரையில் மாட்டியாகிவிட்டது. இனி எதற்கு எழுந்திருப்பார்? அவர் காலுக்காக பீரோவை விற்கப்போய், அவர் படுத்தே கிடப்பதற்கு ஒரு காரணத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டோமே என்று நொந்துகொண்டாள்.

ரேடியோவுக்கும் அதே நினைப்புதான். "போச்சு போ," என்று அண்ணியின் காதில் கிசுகிசுத்தாள். "இனி அண்ணன் கட்டில விட்டு இறங்கின மாதிரிதான்."

கழட்டுகூலியைச் சலூன்காரர் விலையில் கழித்துக்கொள்ள, பீரோவைக் கழற்றினார்கள். எந்தத் திருகை முதலில் எடுக்க வேண்டும் என்று அவர் கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். கடைசிப் பலகை வெளியே போனதும், "கதவ நல்லா சாத்திட்டுப் போங்க," என்றார். அந்தக் கதவைச் சாத்தும்போது அவளுக்கு அழுகை முட்டியது.

சலூன்காரர் பிடித்து வந்திருந்த குட்டி லாரி எதிர்ப்பக்கம் நின்றது. பலகைகளையும் இழுப்பறைகளையும் ஏற்றி, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிக் கதவைச் செங்குத்தாக நிறுத்திக் கயிற்றால் கட்டினார் அவர். படுக்க வைத்தால் கீறல் விழுமாம். "நீங்க சும்மா கீழ நின்னு ஒரு கை குடுங்கம்மா, நான் அந்தப் பக்கம் இறுக்கிடறேன்," என்றார். அவள் லாரிக்குப் பின்னால் நின்று, தலைக்கு மேலிருந்த கதவின் அடியில் கையைக் கொடுத்தாள். அந்தப் பக்கம் போனவரை ரேடியோ விடுவாளா? கழட்டுகூலியில் பாதியைத் திருப்பித் தரச் சொல்லி வழிமறித்தாள். இருவரும் கயிற்றை மறந்தார்கள். அவளோ கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு, கணவரின் கால்களை நினைத்தபடி நின்றாள்.

"விலகு!"

தெருவே அதிர்ந்தது. கப்பல் சங்குக்கும் சங்கிலிச் சத்தத்துக்கும் மேலே கேட்டுப் பழகிய தொண்டை அது. யார், எங்கிருந்து என்று யோசிக்கவே இல்லை அவள். உடம்பு தானாகப் பின்னுக்குத் துள்ளியது. முடிச்சு அவிழ்ந்த கயிறு சரசரவென்று ஓடியது. அவள் நின்ற இடத்தில் கண்ணாடிக் கதவு முகம் குப்புற விழுந்து தூள்தூளாகச் சிதறியது.

சலூன்காரர் தலையில் கைவைத்தார். பிறகு அவள் நின்றிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, வைத்த கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

அவள் நிமிர்ந்து தங்கள் மாடி ஜன்னலைப் பார்த்தாள். போர்வை பாதி அவிழ்ந்து தொங்கியது. திரை ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. ஜன்னல் கம்பிகளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வெயில் விழ, மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார் அவர். சாய்ந்துகொண்டும் இல்லை, தொங்கிக்கொண்டும் இல்லை. இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு தடவ கூப்பிட்டேன்," என்று கத்தினார். "ஒருத்திக்கும் காது கேக்கல. கூரையில பாத்தா கண்ணாடி கொஞ்சங்கொஞ்சமா சாயுது, நீ பாட்டுக்கு அடியில நிக்கற!"

கட்டிலிலிருந்து ஜன்னல்வரை எப்படி வந்தார்? யார் பிடித்தது? திரையை விலக்கியதில் கூரையிலிருந்த தெரு அந்த நொடியே அழிந்திருக்கும் என்பதும் தோன்றியது. அவர் அதை நினைத்துப் பார்த்ததாகவே தெரியவில்லை. சற்றுமுன் கூரையில் கண்டதுதான் வாழ்நாளின் அதிசயம் என்று நினைத்திருந்தாளே, எவ்வளவு பேதை அவள்! ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு மனிதர் சும்மா நிற்பதைக் காண அவளுக்கு இரண்டு கண் போதவில்லை.

"அண்ணே, கால்..." என்று ஆரம்பித்த ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கிரேன்காரர் அப்போதுதான் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். முழங்கால்கள் நடுங்க ஆரம்பித்தன. கம்பியை இன்னும் இறுகப் பிடித்தார்.

"உக்காந்துடாதீங்க!" என்று அவள் அலறினாள். "அப்படியே நில்லுங்க, தோ வந்துட்டேன்!"

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கப் பாய்ந்தாள். மேலேயிருந்து குரல் அவளைத் தடுத்தது.

"நான் நிக்கறேன். நீ மெதுவாவே வா. கீழயெல்லாம் கண்ணாடி கெடக்கு, பாத்து கால வை."