இன்னைக்கு வராதீங்க

மஹாலட்சுமி சாக்கோட்டை ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அதற்கு முன் ஆறு வருடம், கோட்டையூர் ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேசை. "மாசக் கடைசி வரைக்கும் உங்க இடத்துக்கு ஆள் எடுக்க மாட்டேன்" என்று மேலாளர் ஹரீஷ் சொல்லியிருந்தார். நான்கு முறை பரீட்சை எழுதி வாங்கிய வேலையை விட்டுவிடலாமா என்று அவள் தினமும் யோசித்தாள். மனு கொடுத்தவர்கள் வருவார்கள், "நாளைக்கு வாங்க" என்று அனுப்புவாள். மறுநாளும் அதே முகங்கள் வரும்.

ஓட்டலில் அறை தயாராகாவிட்டால் விருந்தினருக்கு முன்கூட்டியே போன் செய்வது வழக்கம். வியாழன் காலை வட்டார வளர்ச்சி அலுவலர் ஆய்வுக்குக் கிளம்பிவிட்டதால், வீட்டுத் திட்ட உத்தரவு வாங்க வரவேண்டிய ஏழு பேரையும் அழைத்தாள். "கையெழுத்து ஆகலை. இன்னைக்கு வராதீங்க, திங்கக்கிழமை வாங்க."

"அடுத்து வெல்கம் டிரிங்க் குடுப்பியாம்மா?" என்றார் பக்கத்து மேசை அனுசுயா.

வழக்கமாக ஏழு பேரை வரச் சொன்னால் நான்கு பேர்தான் வருவார்கள். அன்று பதினோரு மணிக்கு ஏழு பேரும் வந்துவிட்டார்கள்.

"எவளோ போன் பண்ணி வராதீகங்குறா" என்றாள் ஒச்சம்மாள். "கவர்மெண்டு என்னைக்கு நம்மளக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கு? நம்மள நிப்பாட்டிட்டு வேற யாரோ வாங்கப் பாக்குறாகன்னு கூலி வேலையப் போட்டுட்டு ஓடியாந்தோம்."

அனுசுயா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

"அது நான்தாம்மா" என்றாள் மஹாலட்சுமி.

ஒச்சம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "திங்கக்கிழமை கையெழுத்து இருக்குமா?"

"இருக்கும்."

"இருந்தா அடுத்த தடவை நம்புறோம்."

வெள்ளி மாலை அதிகாரி திரும்பியதும் மஹாலட்சுமி ஏழு கோப்புகளையும் தானே எடுத்துப்போய், அவர் கடைசிக் கையெழுத்துப் போடும்வரை மேசையருகிலேயே நின்றாள்.

திங்கள்கிழமை கால் மணி நேரத்தில் ஏழு பேரும் உத்தரவை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒச்சம்மாள் மட்டும் நின்று, "ஒங்க நம்பரைப் பேரு போட்டு ஏத்திக் குடுங்க தாயி" என்று தன் போனை நீட்டினாள்.

மதியம் மஹாலட்சுமி ஹரீஷை அழைத்தாள்.

"சார், நீங்க ஆள் எடுத்துக்குங்க."

"சம்பளம் கூட்டித் தர்றேன்னு சொன்னேனே?"

"தெரியும் சார்."

போனை வைத்தபோது அனுசுயா ஒரு தாளை அவள் மேசைக்குத் தள்ளினார். பன்னிரண்டு பெயர்கள், எண்களோடு.

"நாளைக்கு அதிகாரி மீட்டிங் போறாரு. நீயே பேசிரு. என் குரலைக் கேட்டா ஒருத்தரும் நம்ப மாட்டாக."