பெரியவர் ஆடிக்குப் போன வருஷம்

தெப்பக்குளத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வருகிற பெண், குத்துவிளக்கோடும் வெள்ளிச் செம்போடும் ஒரு சக்கர் மீனையும் கொண்டுவர வேண்டும். கண்ணாடியில் வாயை ஒட்டவைத்துக்கொண்டு பாசி தின்னுமே, அந்த மீன். புகுந்த வீட்டுத் தொட்டியில் ஏற்கெனவே குடியிருக்கும் சிக்லிட் மீன்களோடு அது ஒத்துப்போய்விட்டால், பெண்ணும் அந்த வீட்டோடு ஒத்துப்போய்விட்டாள் என்று அர்த்தம். ஒத்துப்போகவில்லையென்றால் தலை ஆடிக்குப் பிறந்த வீடு போகிற பெண்ணும் மீனும் ஆவணியில் திரும்பி வருவதில்லை. இதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. குத்துவிளக்கைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

சிக்லிட்டுகளைச் சும்மா குறை சொல்லக் கூடாது. நல்ல குடும்பத்து மீன்கள்தான். கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம். பக்கத்தில் இன்னொரு மீன் மூச்சு விட்டாலே அவற்றுக்குப் பொறுக்காது. உலகம்மாள் வீட்டில் மூன்று சிக்லிட்டுகள் இருந்தன. மூத்தவரைப் பெரியவர் என்பார்கள். ரேஷன் கார்டில் முதல் பெயர் அவருடையது, இரண்டாவதுதான் உலகம்மாளின் புருஷன் சங்கரபாண்டியன். மோட்டார் பக்கத்து மூலை பெரியவருக்கு, நடுவிலுள்ள பெரிய கல் இரண்டாமவருக்கு, முன்பக்கத்துக் கூழாங்கல் திட்டு சின்னவருக்கு. யாரும் யார் இடத்துக்கும் போக மாட்டார்கள். வீட்டுக்குள்ளும் அதே ஏற்பாடுதான். ஈஸிசேர் சங்கரபாண்டியனுக்கு, ஜன்னலோரக் கட்டில் மகன் நயினாருக்கு, அடுப்படி உலகம்மாளுக்கு.

வைகாசியில் நயினாருக்குக் கல்யாணமாகி, பிரமசக்தி வந்தாள். அவளுடைய மீன் கருஞ்சாம்பல் நிறத்தில், மேலெல்லாம் புள்ளியோடு, ஒரு விரல் நீளம் இருந்தது. தொட்டியில் விட்ட அன்றைக்கே பெரியவர் அதை மூன்று சுற்று விரட்டினார். மறுநாள் வால் கிழிந்திருந்தது. அதற்கடுத்த நாள் அது தண்ணீருக்குள் இருக்கப் பயந்து, தொட்டியின் மூடிக்கு அடியில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்த வீட்டுக்கு எதுக்கு சக்கர் மீன்?" என்றார் சங்கரபாண்டியன் ஈஸிசேரிலிருந்து. "நம்ம தொட்டியில பாசியே பிடிக்காது. எங்க அப்பா காலத்துக் கண்ணாடி. தண்ணி ராசி அப்படி."

அது உண்மைதான். அந்தத் தொட்டியின் கண்ணாடி எப்போதும் பளிச்சென்று இருக்கும். தெருவில் வேறெந்த வீட்டிலும் அப்படிக் கிடையாது.

உலகம்மாள் ஆடிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தாள். இந்த மருமகளை விட அவளுக்கு மனசில்லை. வந்த இரண்டாம் நாள், எல்லோருக்கும் சோறு போட்டு முடித்துவிட்டுச் சட்டியைக் கழுவ எழுந்த உலகம்மாளிடம் பிரமசக்தி கேட்டாள்: "அத்தை, நீங்க சாப்பிட்டீங்களா?"

அந்த வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. உலகம்மாள் நின்று யோசித்துப் பார்த்தாள்.

"இல்ல போலிருக்கே" என்றாள்.

பிரமசக்தி சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டது. உலகம்மாளும் சிரித்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் அடுப்படியில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தேங்காய்த் துவையலில் பூண்டு தட்டிப் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதும் உலகம்மாளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. இவ்வளவு காலமும் சங்கரபாண்டியனுக்குப் பூண்டு ஆகாது என்று தனக்கும் ஆகாது என நினைத்திருந்தாள்.

மருமகளை விட மனசில்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகம்மாள் கல்யாணமாகி வந்தபோது அவளும் ஒரு மீன் கொண்டுவந்தாள். அதையும் பெரியவர் இப்படித்தான் விரட்டி, இடது துடுப்பைக் கிழித்தார். ஒருநாள் காலையில் பார்த்தால் மீனைக் காணோம். மீன் இல்லாததால் சண்டை இல்லை. சண்டை இல்லாததால் தெருவில் எல்லோரும், "உலகம்மா மீன் ஒத்துப்போயிட்டு" என்றார்கள். பெரியவர் முழுங்கிவிட்டார் என்று உலகம்மாளுக்கு மட்டும் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. தலை ஆடிக்கு வெறும் தண்ணீர் நிரப்பிய செம்பை மூடிக்கொண்டு ஆழ்வார்குறிச்சிக்குப் போனாள். ஆவணியில் அதே தண்ணீரோடு திரும்பி வந்தாள். அந்த நாள் முதலாக, இந்த வீட்டில் முறையில்லாமல் குடியிருக்கிறோம் என்ற நினைப்பு அவளுக்கு உண்டு. பிரமசக்திக்கும் அப்படி ஒரு செம்பு வேண்டாம் என்று நினைத்தாள்.

ஆனி கடைசியில் உலகம்மாள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற மைதீன் பாய் மீன் கடைக்குப் போனாள். பெரியவரும் தம்பிகளும் பிறந்தது அந்தக் கடையில்தான்.

"பாய், பெரியவர் புது மீனைப் பக்கத்தில சேர்க்க மாட்டேங்காரு. என்ன செய்ய?"

மைதீன் பாய் ஒரு வாடிக்கையாளருக்குப் புழுக்களைப் பொட்டலம் கட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"புது மீனைக் கொண்டாந்து பழசுக்கு நடுவில விட்டா விரட்டத்தான் செய்யும், அக்கா. அதுக்கு அது தன் வீடு. பழசை வெளிய எடுத்திரணும். கல்லையெல்லாம் இடம் மாத்தி வைக்கணும். ரெண்டு சிரட்டையக் கவுத்திப் போடுங்க, ஒளிய இடம் வேணும்லா? புதுசை முதல்ல விட்டு, அது காலூன்றின பிறகு பழசைக் கடைசியாக் கொண்டாந்து விடணும். அப்போ பழசுதான் புதுசு. பொட்டிப் பாம்பா அடங்கிக் கிடக்கும்."

உலகம்மாள் வீட்டுக்கு வந்து, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னாள்.

"இந்த ஆடிக்குச் சக்தி போகல. அவளும் அவ மீனும் இங்க இருக்கட்டும். நாம எல்லாரும் அவங்கவங்க பிறந்த வீட்டுக்குப் போயிட்டு ஆவணி ஒண்ணாம் தேதி வருவோம்."

சங்கரபாண்டியன் மோர் ஊற்றிக்கொண்டார். "நான் பிறந்தது சர்க்கார் ஆஸ்பத்திரியிலல்லா?" என்றார்.

"அப்ப அங்க போங்க."

"நான் பிறந்தது தென்காசி பஸ்ஸில" என்றான் நயினார். அவனை வயிற்றில் சுமந்துகொண்டு உலகம்மாள் பேறுகாலத்துக்கு ஆழ்வார்குறிச்சிக்குப் போகும் வழியில், பஸ் ஊர் போய்ச் சேர்வதற்குள் அவன் பிறந்துவிட்டான்.

"அதுல ஏறிக்கோ."

பெரியவர் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கினார். அவர் வருஷத்துக்கு ஒரு தடவை பேசினால் அதிகம். "கூப்பிட ஆள் வராம நான் எப்படிப் போறது?" என்றார்.

நியாயமான பேச்சுதான். முறை என்று ஒன்று இருக்கிறதே. உலகம்மாள் எல்லா இடத்துக்கும் சொல்லிவிட்டாள். ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் தெருவே அமர்க்களப்பட்டது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து உலகம்மாளின் அண்ணனும் மைனியும் வந்தார்கள். பிரசவ வார்டிலிருந்து தலைமை நர்ஸம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், புது வேட்டியோடு வந்து, "எங்க வீட்டுப் பிள்ளைய அனுப்பி வையுங்க" என்று சங்கரபாண்டியனைக் கேட்டார். அவர் வெட்கப்பட்டு உள்ளே போய்த் தலை சீவிக்கொண்டு வந்தார். மைதீன் பாய் ஒரு பெரிய அண்டாவில் தண்ணீரோடு வந்து சிக்லிட்டுகளுக்கு ஆளுக்கொரு மாலை போட்டார். தென்காசி பஸ் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. நயினார் புதுப் பொண்டாட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தான். அவன் ஏங்கிப்போனது நிஜம். ஆனால் ஆடியில் புது ஜோடி பிரிந்துதானே இருக்க வேண்டும்? அந்த மட்டில் முறை தப்பவில்லை.

வாசலில் நின்று வழியனுப்பிய பிரமசக்தியிடம் உலகம்மாள் குனிந்து சொன்னாள்: "ஏளா, வீட்ட உன் இஷ்டத்துக்கு மாத்தி வையி. எங்களுக்கு அடையாளமே தெரியக் கூடாது."

ஆடி மாதம் காற்றோடு போயிற்று. உலகம்மாள் அண்ணன் வீட்டில் வடை தின்றாள், பகலில் தூங்கினாள், ஆனாலும் நிம்மதி இல்லை. நயினாருடைய பஸ் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த ஊரைத் தாண்டுமோ அத்தனை தடவையும் ரோட்டோரத்தில் போய் நின்றாள். "சக்தி போன் பண்ணினாளா?" என்று கேட்பாள். "பெரிய கல்லைத் தூக்கிட்டாளாம்" என்று ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டுவிட்டுப் போவான் அவன். அடுத்த தடவை, "பீரோவ அடுப்படிக்குக் கொண்டு போயிட்டாளாம்." அதற்கடுத்த தடவை, "மீன் வால் வளந்துட்டாம்!" அன்றைக்குத்தான் உலகம்மாள் இரண்டு வேளைச் சோறும் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

ஆவணி ஒன்றாம் தேதி காலையில் எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். புதுச் சேலையில் உலகம்மாள். பக்கத்தில் சங்கரபாண்டியன். ஆஸ்பத்திரியில் வேளாவேளைக்குப் பால் கொடுத்ததில் அவருக்குக் கன்னத்தில் சதை வைத்திருந்தது. நயினார் இறங்கி நின்றான், அவனைக் கொண்டுவந்துவிட்ட பஸ் வாசலிலேயே நின்றது. மைதீன் பாய் கையிலிருந்த அண்டாவுக்குள் மூன்று சிக்லிட்டுகளும் தலையைக் குனிந்துகொண்டிருந்தன.

பிரமசக்தி ஆரத்தி சுற்றி எல்லோருக்கும் பொட்டு வைத்தாள். பெரியவருக்கு நெற்றி மேட்டில் வைத்தாள். "வலது காலை எடுத்து வச்சு வாங்க, அத்தை" என்றாள்.

உள்ளே எதுவும் பழைய இடத்தில் இல்லை. அடுப்பு ஜன்னலோரத்துக்கு வந்திருந்தது. கட்டில் இருந்த இடத்தில் சாப்பிட வட்டமாக நாலு பலகைகள் கிடந்தன. ஈஸிசேரைப் பரணில் பார்த்துவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் சங்கரபாண்டியன் சுவரோரமாக நின்றார். "உக்காருங்க மாமா, நம்ம வீடுதான், கூச்சப்படாதீங்க" என்றாள் பிரமசக்தி. அவர் பலகையின் நுனியில் உட்கார்ந்தார். எல்லோருக்கும் பாலும் பழமும் கொடுத்தாள். உலகம்மாள் தயங்கித் தயங்கி, "சீனி டப்பா எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. இந்த வீட்டுக்கு முதல்முறையாக முறையோடு வந்திருக்கிறோம் என்று தோன்றியது.

அப்புறம் சிக்லிட்டுகளைத் தொட்டியில் விட்டார்கள். கல்லெல்லாம் இடம் மாறி, நடுவே இரண்டு சிரட்டைகள் கவிழ்ந்திருந்தன. புள்ளி மீன் முன்கண்ணாடியில் நிதானமாக ஒட்டிக்கொண்டு வாயை அசைத்தது. பெரியவர் ஓரமாக ஒதுங்கி நின்று அதைப் பார்த்தார்.

"நான் எங்க இருக்கட்டும்?" என்று கேட்டார்.

"அந்தச் சிரட்டைக்குள்ள இருந்துக்கோங்க" என்றது புள்ளி மீன். பெரியவர் மறுபேச்சில்லாமல் உள்ளே போனார்.

"அவ்வளவுதான், ஒத்துப்போயிட்டு!" என்று மைதீன் பாய் கையைத் தட்டினார். நயினார் பிரமசக்தியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். இனி அவளை எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை. உலகம்மாளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அப்போதுதான் அவள் தொட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே இன்னொரு சக்கர் மீன் ஒட்டிக்கொண்டிருந்தது. முழங்கை நீளம் இருந்தது. வெளிச்சமே படாமல் வெளிறிப்போய், இடது துடுப்பில் ஒரு பழைய கிழிசலோடு இருந்தது. அந்தக் கிழிசல் உலகம்மாளுக்குத் தெரியும்.

"பெரிய கல்லுக்கு அடியில இருந்தாங்க, அத்தை" என்றாள் பிரமசக்தி. "கல்லைத் தூக்கினதும், 'ஆடி வந்திட்டா?'ன்னு கேட்டாங்க."

உலகம்மாள் கண்ணாடியில் கையை வைத்தாள். "இங்கயா இருந்த இவ்வளவு நாளும்? உன்னைத் தின்னுட்டாருன்னு நினைச்சேனே!"

"எல்லாரும் தூங்கின பிறகு வெளிய வருவேன்" என்றது மீன். "கண்ணாடியத் துடைச்சிட்டு உள்ள போயிருவேன்."

சங்கரபாண்டியன் கண்ணாடியைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். அப்புறம் உலகம்மாளைப் பார்த்தார். "அப்ப தண்ணி ராசி இல்ல" என்றார். பலகையை விட்டு எழுந்து, "நீ உக்காரு, உலகு. சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். இருந்தாலும், "இல்லை" என்று சொன்னாள். அவர் போய், சட்டி எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, இட்லி வைத்துக்கொண்டு வந்தார்.

இனி செய்ய வேண்டிய முறை ஒன்றுதான் பாக்கி. உலகம்மாளின் மீனுக்கு ஒரு ஆடிகூடக் கொடுக்கவில்லை. வந்த வருஷத்திலிருந்து எல்லா ஆடியும் சேர்ந்து கிடந்தது.

"வா, ஆழ்வார்குறிச்சிக்குப் போயிட்டு வருவோம்" என்றாள் உலகம்மாள்.

"அது உன் பிறந்த வீடு" என்றது மீன். "எனக்கு அமேசான்."

"ஆமா அக்கா" என்றார் மைதீன் பாய். "சக்கர் மீனுக்கு அதான் பூர்வீகம். பெரிய ஆறு."

உலகம்மாள் இட்லியை முடித்துக் கை கழுவினாள். வெள்ளிச் செம்பில் முழங்கை நீள மீன் கொள்ளாது என்பதால் பிரமசக்தி குடத்தை எடுத்துக் கொடுத்தாள். வழிக்குத் துவையலும் கட்டிக் கொடுத்தாள், பூண்டு தட்டிப் போட்டது. "நிதானமா இருந்துட்டு வாங்க அத்தை, இங்க நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

உலகம்மாள் குடத்தோடு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்தார்.

"அமேசானுக்கு ஒண்ணு" என்றாள்.

"நேர் பஸ் கிடையாதும்மா" என்றார் கண்டக்டர். "தென்காசியில மாறணும்."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு விசில் அடித்தார்.