நேராக விழுந்த எண்கள்

எஞ்சினின் முன்பக்க ஓரத்தில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு தட்டையான இடம் உண்டு. அங்கிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எண்கள் சரிதான். முன்கண்ணாடிக்குக் கீழே தகட்டில் இருந்த வண்டி எண்ணின் கடைசிப் பகுதிதான் இங்கேயும் இருந்தது. ஆனால் எட்டும் மூன்றும் ஒன்பதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசை பிசகாமல் நின்றன. தொழிற்சாலையில் அடித்த எண்கள் இப்படி நிற்காது. அங்கே ஒருவன் ஒரு கையில் அச்சும் மறு கையில் சுத்தியலுமாக நிற்பான், அடுத்த எஞ்சின் வந்துகொண்டே இருக்கும், அவன் மனம் மதியச் சாப்பாட்டில் இருக்கும். ஓர் எண் அமுங்கும், ஒன்று சாயும். எண்களுக்கு அடியில் இயந்திரம் இழைத்த மெல்லிய கோடுகளும் முன்பின்னாக ஓட வேண்டும். இங்கே அதுவும் இல்லை. பூதக்கண்ணாடியை எடுக்க வேண்டிய தேவையே இல்லை, இருந்தாலும் எடுத்துப் பார்த்தேன்.

இதுதான் என் பிழைப்பு. பழைய வண்டிகள் வாங்கும் பணக்காரர்கள் என்னை முன்னால் அனுப்பிவைப்பார்கள். வண்டி பிறந்தபோது அதனுள் இருந்த எஞ்சின்தானா, அல்லது நடுவில் யாராவது மாற்றிவிட்டார்களா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். சகினா நகரத்திலிருந்து ஃபிளின்ட் நகரம் வரை என்னைப் பூதக்கண்ணாடி என்றுதான் சொல்வார்களாம், முகத்துக்கு நேராக மட்டும் ரே என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இந்த முறை அனுப்பியவர் அரிசோனாக்காரர். எழுபதாம் வருடத்துச் செவெல் கார் ஒன்று அவருக்கு வேண்டும். அதிலும் அந்த ஒரே வருடம் மட்டும் வந்த, நானூற்றைம்பது குதிரைச் சக்தி எஞ்சினோடு வேண்டும். வண்டியின் அழகையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. நீல வண்ணம், இரண்டு வெள்ளைப் பட்டை, கிழியாத இருக்கை எல்லாம் பெண் பார்க்கப் போன இடத்தில் கொடுக்கும் பலகாரம் மாதிரி. ஜாதகம் அந்தத் தீப்பெட்டி அளவு இடத்தில்தான் இருக்கிறது. அது பொருந்தாவிட்டால் விலை பாதிகூடத் தேறாது.

வெர்னன் ஷெர்மாக் கராஜின் கதவோரம் காபிக் கோப்பையோடு நின்றிருந்தார். எழுபத்தொன்பது வயது. வலது கண் மங்கி, போன வசந்தத்தில் ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். இந்த வண்டியைப் புதிதாக வாங்கியவர் அவரேதான், வேறு கை மாறவில்லை. வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மனைவி டோலோரஸ் தெருக்கோடியில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் மூன்று வருடமாக இருக்கிறாளாம். பேச்சு போய்விட்டது, ஆட்களை அடையாளம் தெரிவதில்லை. ஆனால் இவர் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுகிறாள், தாதிகள் கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். மூன்று வேளையும் நடந்தே போய் ஊட்டிவிட்டு வருகிறார். சேமிப்பு கிறிஸ்துமஸோடு தீர்கிறது. அதற்குப்பின் அரசாங்கம் காசு கொடுக்கும் படுக்கை ஒன்று அல்பீனாவில் காலியாக இருக்கிறதாம், மூன்று மணி நேரப் பயணம். அங்கே போனால் அவள் பட்டினி கிடந்தே போய்விடுவாள் என்றார். அழவில்லை, வானிலை சொல்வதுபோலச் சொன்னார். அதனால்தான் வண்டியை விற்கிறார்.

“என்ன தம்பி, ரொம்ப நேரமா அங்கயே பாக்குற?”

“இந்த எண்ண யாருண்ணே அடிச்சது?”

இந்தக் கேள்விக்கு இருபது வருடமாக நான் கேட்காத பொய் இல்லை. செத்துப்போன தாயின் மேல் சத்தியம் செய்தவன் உண்டு, என்னை அடிக்க வந்தவன் உண்டு.

“நான்தான்,” என்றார் வெர்ன்.

எண்பத்தாறாம் வருடத்தில் எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் எண்ணெய் கசிந்து, பே சிட்டியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். பட்டறைக்காரன் மேற்பரப்பைச் சமமாக இழைத்தபோது எண்ணும் சேர்ந்து போய்விட்டது. அந்த இடத்தை விட்டுவிடு என்று சொல்ல இவருக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு யாருக்குமே தோன்றியிருக்காது, பழைய வண்டி அப்போது வெறும் பழைய வண்டி. பட்டறைக்காரன் செத்து, பட்டறை இருந்த இடத்தில் இப்போது மெத்தை விற்கிறார்கள். ரசீது இல்லை. எந்த எஞ்சின் பூட்டியது என்று எழுதியிருக்கும் தொழிற்சாலைத் தாளை இருக்கைக்கு அடியிலேயே எலி தின்றுவிட்டது. எஞ்சினை வார்த்த தேதி பொருந்தியது. ஆனால் அதே நாளில் வார்த்த எஞ்சின்கள் எத்தனையோ இருந்திருக்கும்.

“சும்மா விட்டிருக்கலாமேண்ணே. வெறுமையா இருந்தா, இழைச்சதுல போச்சுன்னு எழுதறதுக்காவது வழி இருந்திருக்கும்.”

“பேரு இல்லாம எப்படி விடுறது?” என்றார். கோப்பையை வேலைப் பலகையில் வைத்தார். “பழைய எண்ணுல கடைசி ஒம்போது கொஞ்சம் சாஞ்சிருக்கும். நல்லா ஞாபகம் இருந்துச்சு. அப்படியே சாய்ச்சு அடிக்கணும்னுதான் தம்பி உக்காந்தேன். கை வரல. தொழிற்சாலையில கருவி செய்யுற அறையில இருபத்து மூணு வருசம் நேரா அடிச்சுப் பழகின கை.”

எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. ஓர் ஒன்பதைக் கோணலாக அடிக்கத் தெரியாத மனிதர். தன் சொந்த எஞ்சினில், அதன் சொந்த எண்ணை, யாரையும் ஏமாற்றும் எண்ணமே இல்லாமல் அடித்து, உண்மையைப் போலியாக்கி வைத்திருக்கிறார். திருடன் அடித்திருந்தால் இதைவிட அசலாக இருந்திருக்கும். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் சந்தேகப்படவில்லை. ஆனால் என் படிவத்தில் ‘அசல்’ என்று ஒரு கட்டம், ‘மறு அச்சு’ என்று ஒரு கட்டம். பொய்யாக அசலில் கோடு போட்டால் அரிசோனாக்காரர் இன்னொருவனை அனுப்புவார், அவனுக்கும் கண் இருக்கிறது.

யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

“டோலிதான் விளக்குப் புடிச்சா,” என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றே முக்கால், டோலோரஸுக்கு மதியச் சாப்பாடு ஊட்டப் போகும் நேரம்.

என் வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். நடந்தே போகிற தூரம்தான், ஆனாலும் பனி தூற ஆரம்பித்திருந்தது. இல்லத்தின் சாப்பாட்டு அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் சக்கர நாற்காலிகளில் இருந்தார்கள். டோலோரஸ் சன்னலோரம் இருந்தாள். தலைமுடியை யாரோ அழகாக வாரிவிட்டிருந்தார்கள். மசித்த உருளைக்கிழங்கு, கூழாக்கிய கோழி, ஆப்பிள் மசியல். வெர்ன் அவள் கழுத்தில் துண்டைக் கட்டி, நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஊட்ட ஆரம்பித்தார். அவள் சமர்த்தாகச் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் சுவரோரம் நின்றேன். எண்ணைப் பிடித்த படத்தை அரிசோனாக்காரருக்கு இன்னும் அனுப்பவில்லை, சட்டைப்பையில் கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது.

பாதிச் சாப்பாட்டில் வெர்ன் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டார்.

“டோலி, இந்தத் தம்பி நம்ம செவெல்லப் பத்திக் கேக்க வந்திருக்கு. நான் எண்ணு அடிச்சப்ப நீதானே பக்கத்துல நின்ன? நம்ம எஞ்சின்தானே அது? நீ சொன்னா தம்பி எழுதிக்கும். சொல்லு டோலி.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள், நிதானமாக, யாரோ நன்றாகத் தெரிந்தவரைப் பார்ப்பதுபோல. உதடு அசைந்தது. அவள் சாட்சியை எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தும் சுவரை விட்டு இரண்டடி முன்னால் வந்துவிட்டேன். அவள் வாயைத் திறந்தாள். வெர்னும் தன்னை அறியாமல் வாயைத் திறந்தபடி முன்னால் குனிந்து காத்திருந்தார்.

சத்தம் எதுவும் வரவில்லை. அவள் வாயைத் திறந்தபடியே வைத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. கரண்டியை எடுத்தார், ஓரத்தை வழித்தார், சூடு ஆறியிருக்கிறதா என்று தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு ஊட்டினார். அவள் விழுங்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தாள்.