எண்ணெய் மணம்

புருஷன் துர்சுனின் அடக்கம் முடிந்து வந்த கௌசி, குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் மாவைப் பிசைந்துகொண்டு நின்றாள். அக்கா குணவதிக்குப் பொறுக்கவில்லை.

“உனக்கென்ன விசரே? செத்த வீட்டிலை ஆராவது எண்ணெய்ச் சட்டி வைப்பினமே? நான் சோறு கறி கொண்டந்தனான்தானே.”

“அவரின்ரை ஆக்களுக்கு இதுதான் முறை அக்கா. எண்ணெய் மணம் போய்ச் சேந்தால்தான் செத்தவைக்குப் பசியாறுமாம். இஞ்சை அவருக்கு என்னை விட்டா ஆர் இருக்கினம்?”

ஒருவரும் இல்லைத்தான். பள்ளிவாசலில் இருந்து வந்து துர்சுனுக்கு மண் போட்ட சோமாலியரும் குஜராத்திகளும் நல்ல மனிதர்கள். ஆனால் ஒருவராவது அவரைப்போலச் சீனாவிலிருந்து வந்த உய்குர் முஸ்லிம் இல்லை. அங்கே குல்ஜா நகரத்தில் இருக்கும் அவருடைய தம்பிக்குச் சொல்லவும் வழியில்லை. வெளிநாட்டிலிருந்து போன் போனால் அவனைப் பொலிஸ் கூப்பிடும் என்று துர்சுன் ஒரு வருஷமாக எடுக்கவே இல்லை. தொழப் போனதற்காக ஊரில் வாத்தியார் வேலையைப் பறிகொடுத்த மனிதர். ஸ்காபுறோவில் ரொட்டி ஃபக்ரறியில் மாவு பிசைந்தார். அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

போன வருஷம் அவருடைய அம்மா செத்த கடிதம் மூன்று மாதம் பிந்தி வந்தது. அன்றைக்கும் இந்தச் சட்டிதான். ஊரில் பயந்து செய்த மாதிரியே கதவைப் பூட்டி, இடுக்கில் ஈரத்துவாயைத் திணித்துவிட்டுத்தான் அடுப்பைப் போட்டார்.

“இது கனடா. ஆர் வந்து பிடிக்கப்போறாங்கள்?” என்று கௌசி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்து இப்போது மாவை ஓங்கிக் குத்தினாள். பாவி, ஏன்தான் சிரித்தேனோ!

எண்ணெய் காய்ந்து புகைந்தது. முதல் ரொட்டியைப் போட்டதும் புகை அலாரம் கத்தத் தொடங்கியது.

“ஐயோ, பக்கத்து வீட்டுக்காரர் கொம்ப்ளெயின்ற் பண்ணப்போகினம்!” குணவதி துவாயைத் தூக்கிக்கொண்டு கதவடிக்கு ஓடினாள்.

“வேண்டாம் அக்கா. கதவைத் திற.”

“என்னடி?”

“முழுசாத் திற. அவர் ஒளிச்சுச் சுட்டது காணும், இனி வேண்டாம்.”

குணவதி அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திறந்தாள். ஏழாம் மாடி நடைபாதை முழுக்க மணம் போனது. மணம் பிடித்து வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும், அதுவும் முறை. கௌசி தட்டோடு வாசலில் நின்றாள். லிஃப்ற் திறந்தது. இறங்கிய ஒருவர் மூக்கைச் சுளித்து, தன் கதவைத் திறந்து உள்ளே போனார். பிறகு ஒருவரும் வரவில்லை. ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

குணவதி கதிரையில் ஏறி அலாரத்தின் பற்றரியைக் கழற்றினாள். இறங்கி வந்து, தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

“உப்புக் காணாதடி,” என்றாள்.

கௌசி கதவைச் சாத்தவில்லை. அடுத்த ரொட்டியைத் தட்டப் போனாள்.