ஒரே ஒரு மணி

துவைத்து மடித்த நர்ஸ் உடுப்பு நாற்காலியிலேயே கிடந்தது. அண்ணியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் வேலை பார்த்த வார்டில் ஒரு பெரியவர் மூச்சுத் திணறி இறந்துவிட்டார். அவர் கட்டிலோரப் பொத்தானை அழுத்தி மணியடித்தும் அண்ணி தாமதமாகப் போனாள் என்று புகார். நாளை விசாரணை. பதில் எடுபடவில்லை என்றால் வேலை போய்விடும்.

சாப்பிடும்போது அண்ணன் கேட்டான்: "மணி உன் காதுல விழவே இல்லையா?"

"விழுந்துச்சு. ஒரே ஒரு தடவை. ஒரு தடவை அடிச்சா தண்ணி வேணும், போர்வை வேணும், இல்லன்னா பேச்சுத் துணை வேணும். உயிர் போற அவசரம்னா விடாம அடிப்பாங்க. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தருக்கு ரத்தம் நிக்கவே இல்லை. அவரை எப்படிங்க விட்டுட்டுப் போறது?"

கூடவே சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனின் தங்கைக்குக் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அந்த மணிக்குப் புரோகிராம் எழுதியவள் அவள்தான்.

பழைய புரோகிராம் ஆளுக்கொரு ஒட்டுப் போட்ட கந்தல். பொத்தானை அழுத்தும் போதெல்லாம் கத்தும். அவள் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதினாள். ஒரே கட்டிலிலிருந்து அடுத்தடுத்து வரும் அழைப்புகள் அதில் ஒன்றாகிவிடும். யாரும் கேட்காத வசதி, அவளாக யோசித்தது. வார்டு அமைதியானது. "நீங்கல்லாம் சொன்னதைச் செய்றீங்க. இவ சொல்லாததையும் செய்றா" என்று அலுவலகத்தில் மேலாளர் எல்லோர் முன்பும் புகழ்ந்தார்.

பக்கத்து மேசைக்காரர் மட்டும் கை தட்டவில்லை. எதையும் மூன்று முறை சரிபார்ப்பவர் என்பதால் அவருக்கு ஆமை என்று பெயர். மெதுவாகக் கேட்டார்: "பழசு ஏன் அப்படிக் கத்துச்சுன்னு ஒரு நர்ஸையாவது கேட்டியாம்மா?"

"எழுதத் தெரியாதவங்க எழுதினா கத்தத்தானே சார் செய்யும்? நீங்க ஓட்டுக்குள்ளயே பத்திரமா இருங்க."

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

கேட்டிருக்க வேண்டிய நர்ஸ் இதே வீட்டில்தான் இருந்தாள். "இப்பல்லாம் சத்தமே இல்லைடி, உன் கைக்கு மோதிரம் போடணும்" என்று கன்னத்தைக் கிள்ளியவளும் அவள்தான். சத்தம் எப்படிக் குறைந்தது என்று அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

அண்ணன் கை கழுவப் போனான்.

"அண்ணி, விசாரணைக்கு நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"அவர் விடாமதான் அழுத்தியிருப்பார். எத்தனை தடவை அழுத்தினாலும் ஒரு தடவைதான் அடிக்கணும்னு நான்தான் எழுதி வச்சேன். அதை அங்க வந்து சொல்றேன்."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. உள்ளே குழாய் ஓடி நின்றது. தட்டில் எல்லாம் காய்ந்துகொண்டிருந்தது.

அண்ணி கேட்டாள்: "எத்தனை தடவை அழுத்தினார்?"

"தெரியாது அண்ணி."

"மெஷின்ல இருக்காதா?"

"இருக்காது. ஒண்ணாக்கினதுக்கு அப்புறம் எண்ணிக்கை எதுக்குன்னு அதையும் எடுத்துட்டேன்."

அண்ணி தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். "அப்போ ஒரு ஆதாரமும் இல்லாம நீ சொல்றதை அவங்க நம்பணும்" என்றாள்.