அங்கால திரும்புங்கோ

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆனி மழையில் கொழும்பின் ஒருகொடவத்தை இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது, றஞ்சிதம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து அங்கே ஒரு களஞ்சியத்தில் கிளார்க் வேலை பார்ப்பவள். யுத்தத்தால் ஆம்பிளைகளுக்குத் தட்டுப்பாடு வர, களஞ்சியத்துத் தீயணைப்புக் குழுவில் அவளையும் சேர்த்திருந்தார்கள். ஆளைத் தோளில் தூக்கி ஏணியால் இறங்கும் பயிற்சியில் அவள்தான் முதலாவது. இருந்தென்ன? வெள்ளம் வந்ததும் குழுத் தலைவர் நாகேந்திரம், "பிள்ளை, நீர் தேத்தண்ணியைப் பாரும். படகில நாங்கள் ஆம்பிளையள் போறம்," என்றுவிட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் படகில் ஓர் இடம், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அரை மணித்தியாலத்தில் படகு ஒருவரையும் ஏற்றாமல் திரும்பியது. பின் ஒழுங்கையில் ஜவாஹிறா என்றொரு பெண். புருஷன் மௌத்தாகி இரண்டு மாதம், இத்தாவில் இருக்கிறாள். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கவேண்டிய காலம். அது தெரியாத நாகேந்திரம், "கதவை உடைச்சு வந்து தூக்குறம்" என்று கத்தியிருக்கிறார். அவள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள். தண்ணீரோ ஜன்னலைத் தொட்டுவிட்டது.

"ஒரு பொம்பிளை வேணும்," என்றார் நாகேந்திரம், எங்கேயோ பார்த்துக்கொண்டு. றஞ்சிதம் தேத்தண்ணி வாளியை அப்படியே வைத்துவிட்டுப் படகில் ஏறினாள்.

வீட்டுக்குள் தண்ணீர் நெஞ்சளவு. அறைக் கதவைத் தட்டி, "ராத்தா, நான் றஞ்சிதம். தனியத்தான் உள்ளுக்கு வந்தனான்," என்றாள்.

"வெளியில ஆம்புளயள் ஈக்கிறாங்களே. அவங்கட முன்னால எப்பிடி வார?" என்றாள் ஜவாஹிறா உள்ளிருந்து.

றஞ்சிதம் வாசலுக்குப் போனாள். "அண்ணை, எல்லாரும் அங்கால திரும்புங்கோ. நான் சொல்லுமட்டும் இஞ்சால பார்க்கக்கூடாது."

நாகேந்திரம் திரும்பினார். சும்மா சொல்லக்கூடாது, கொட்டுகிற மழையில் படகிலிருந்த மூன்று ஆம்பிளைகளும் மதிலைப் பார்த்தபடி நல்ல பிள்ளைகளாக இருந்தார்கள்.

தாழ்ப்பாள் விலகியது. வெள்ளைச் சேலையில் நடுங்கிக்கொண்டு நின்றவளைப் போர்வையால் மூடித் தோளில் தூக்கிவந்து, படகின் ஓரத்தில் இருத்தினாள் றஞ்சிதம். ஜவாஹிறா அவள் கையை விடவேயில்லை.

பள்ளிவாசல் மாடியில் இருந்த பெண்களிடம் அவளை ஒப்படைத்த பிறகு, நாகேந்திரம் றஞ்சிதத்திடம் சொன்னார். "பெரிய உதவி, பிள்ளை. இனி நீர் படகால இறங்கி நில்லும். அடுத்தது இரத்தினசிங்கம் மாஸ்டர், கூரையில தனிய நிக்கிறார். அங்க பொம்பிளையள் ஒருத்தருமில்லை."

"பொம்பிளை பிடிச்சா இறங்கமாட்டன் எண்டு சொல்லுறாரோ எண்டு மாஸ்டரிட்டையே கேட்பம், அண்ணை. படகைத் தள்ளுங்கோ."

நாகேந்திரம் தள்ளினார்.

கூரை விளிம்பில் குந்தியிருந்த மாஸ்டருக்கு முதலில் எட்டியது றஞ்சிதத்தின் கை. அதை இறுக்கிப் பிடித்தார்.

"கெதியா இழு பிள்ளை," என்றார். "ஓடு வழுக்குது."